அதே வீட்டில் இன்னொரு பாய்

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் ஒரு பெண்ணோடு வேலை பார்த்தேன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். லிஃப்ட் வந்து சேரும் நேரத்தைக்கூட அளப்பார்.

கிளைகளிலிருந்து வரும் ஒவ்வொரு கேள்விக்கும் எங்கள் புரோகிராம் புதிதாக ஒரு ப்ராசஸை உருவாக்கும். கம்ப்யூட்டர் திணறியது. ஒரே ப்ராசஸுக்குள் த்ரெட்டுகளாக மாற்றினால் வேகம் வரும் என்றார் அவர்.

"ரெண்டும் ஒண்ணுதான்லா," என்றார் மேனேஜர்.

"தோத்தா என்னைத் தெலுக் இந்தான் கிளைக்கு மாத்திருங்க, பாஸ்."

சோதனையைப் பார்க்க மேனேஜர் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார். ஆயிரம் ப்ராசஸ் உருவாகி முடிவதற்குள் பாதித் தேநீர் காலி. அடுத்து ஆயிரம் த்ரெட். கோப்பை உதட்டுக்குப் போகுமுன் முடிந்துவிட்டது!

"எப்படிம்மா?" என்றார்.

"ப்ராசஸ்னா எஸ்டேட் லயத்துல புதுசா ஒரு வீடு. அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் தனியா வேணும். த்ரெட்னா இருக்கிற வீட்டுலயே இன்னொரு பாய் விரிச்சாப் போதும்."

"ஒரே வீட்டுல சண்டை வருமே?" என்றேன் நான்.

"வரும் அண்ணே. நாங்க ஒம்பது பேரு ஒரே வீட்டுல படுத்தவங்க. ஒருத்தர் அடுப்பத் தொட்டா மத்தவங்க காத்திருக்கணும். அதையும் புரோகிராம்ல எழுதிட்டேன்."

மேனேஜர் வாயடைத்து நின்றார். அந்தப் பெண்ணின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அழுத்தியது. அந்த மௌனத்தை அளக்கிறார் என்று புரிந்தது. எத்தனை விநாடி என்று கேட்காமல் விட்டது இன்றும் என்னை உறுத்துகிறது.