கும்மிடிப்பூண்டியில் என் மகளின் ஞாயிற்றுக்கிழமை

எழுபத்தெட்டாம் வருஷம், வைகாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் ஒன்றரைக்கு மீஞ்சூரில் ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டி பதினாலு மைல், டிக்கெட் எண்பது காசு. நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தலையில் ஐஸ் பார் சுமந்து பிழைத்தவன், இன்று சொந்தமாக ஐஸ் பாக்டரியும் இரண்டு லாரியும் வைத்திருக்கிறேன். மீஞ்சூரில் என் சொல்லைத் தட்டுகிற ஆள் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் கன்னியர் மடத்துக்குக் கிளம்பினேன். மூத்த மகள் ரோஸி அங்கே சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. மூன்று வாரத்தில் அவள் தம்பிக்குக் கல்யாணம், அதுவும் ஞாயிறுதான். ரோஸியைக் கல்யாணத்துக்கு அனுப்பச் சம்மதம் வாங்காமல் வீட்டுக்கு வரக்கூடாது என்று என் மனைவி சொல்லியிருந்தாள்.

பொன்னேரியில் பழவேற்காட்டு மீன்கார அம்மா கூடையோடு ஏறினாள். என்னிடம் பல வருஷமாக ஐஸ் வாங்குகிறவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சாமிக்குக் குட்த்த பொண்ணத் திரும்பக் கேக்கப் போறியா நைனா? நாங்கோ நேந்து உட்ட கெடாவக்கூடத் திரும்பக் கேக்க மாட்டோம்" என்றாள். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

மணி இரண்டரை. ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் ரிக்ஷாவில் ஒன்றரை மைல், ஒரு ரூபாய். வழியெல்லாம் தொழிற்பேட்டைக்காக மண்ணை வெட்டிப் போட்டிருந்தார்கள். இரும்புத் தூண்கள் வரிசையாக நின்றன. கம்பெனி ஒன்றும் ஓட ஆரம்பிக்கவில்லை. கொட்டகைகளில் சித்தாள் குடும்பங்கள், பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறவர்கள்.

மடத்துத் தலைவியை மதர் என்கிறார்கள். எங்கள் ஊர்க் கோயிலுக்கு நான் மணி வாங்கிக் கொடுத்ததைச் சொன்னேன். கோடை முழுக்க மடத்துக்கு இலவசமாக ஐஸ் அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசி வார்த்தைப்பாடு, அதாவது ஆயுளுக்கும் துறவியாக இருப்பேன் என்ற சத்தியம், கொடுக்கும்வரை எந்தச் சிஸ்டரும் வீட்டுக்குப் போவதில்லை, அது சபையின் ஒழுங்கு என்றார். ஒருநாள் மட்டும் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

"எங்கம்மா செத்தப்பவே நான் போகலைங்க" என்றார் மதர். ஞாயிறுதோறும் இந்தச் சாயங்கால வேளையில் ரோஸி பிள்ளைகளோடு மைதானத்தில் இருப்பாள், போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார்.

நாலு மணிக்கு மைதானத்தில் ரோஸியைப் பார்த்தேன். கழுத்தில் சிலுவையும் விசிலும் சேர்ந்து தொங்கின. கொட்டகைப் பிள்ளைகள் நாற்பது பேர் இருப்பார்கள், "சிஸ்டரக்கா" என்று அவளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் விளையாட்டு, பிறகு செங்கல் துண்டால் தரையில் எழுத்து, கடைசியில் பாட்டு. வீட்டில் வாய் திறக்காத பெண், தெலுங்கில் அதட்டிக்கொண்டிருந்தாள். இங்கே வந்து கற்றுக்கொண்டாளாம்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். மதர் சொன்னதைச் சொன்னேன். தெரியும் என்றாள். அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தாள். பிறகு, கல்யாணப் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டாள். காலை ஏழு என்றேன்.

"ஏழு மணிக்கு எங்களுக்கு மௌன நேரம் நைனா, வாயத் தொறக்கக் கூடாது. மனசுக்குள்ள வேண்டிக்கிறேன்" என்றவள் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தாள். "இந்த நேரமா இருந்தா இதுங்களோட சேந்து தம்பிக்குச் சத்தமா பாடலாம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். யாரோ ஒரு பிள்ளை விழுந்து அழுதது, எழுந்து ஓடினாள்.

ஐந்தரை ரயிலில் உட்கார்ந்ததும் முடிவு செய்துவிட்டேன். மீஞ்சூர் கோயில் சாமியாரிடம் பேசிக் கல்யாணப் பூசையைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்ற வேண்டும். பெண் வீட்டார் முகம் சுளிப்பார்கள். வெயிலில் எவன் தாலி கட்டுவான் என்று சொந்தக்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும். மேளமும் பந்தலுமாக என் வீட்டில் அன்றைக்குக் குறை ஒன்றும் இருக்காது, மகள் இல்லாததைத் தவிர. என் மகன் தாலி கட்டுகிற நிமிஷத்தில், பதினாலு மைலுக்கு அப்பால் அந்தப் பொட்டல் மைதானத்தில் ரோஸி நாற்பது பிள்ளைகளோடு தொண்டை திறந்து பாடிக்கொண்டிருப்பாள். எனக்குக் கேட்காது. பாடுகிறாள் என்று தெரிந்தால் போதும்.