படிச்சு முடிச்சிட்டு ஆரம்பிக்கலாம்

ராஜபாளையத்தில் நான் ஃபிட்டராக இருந்த நூற்பாலையில் புது மெஷின் வந்து இறங்குகிற காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. மரப்பெட்டியைப் பிரித்ததும் முதலில் வெளியே எடுப்பது அதன் விளக்கப் புத்தகத்தைத்தான். எங்கள் மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவார். முழுதும் படிக்கும்வரை சுவிட்சின் பக்கம் யார் கையும் போகக் கூடாது. முதலாளியே வந்து அவசரப்படுத்தினாலும், "படிச்சு முடிச்சிட்டு ஆரம்பிக்கலாம்" என்பார். அவர் ஓட்டிவிட்ட எந்த மெஷினும் முதல் நாளில் மக்கர் பண்ணியதில்லை. அதனால் அந்தப் பழக்கத்தை யாரும் குறை சொன்னதும் இல்லை.

1980களின் நடுவில் அவருக்குக் கால் தடுமாற ஆரம்பித்தது. திரும்பும்போது சுவரைப் பிடிப்பார். கேட்டால் தரை வழுக்குகிறது என்பார். மதுரை டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: நரம்புத் தளர்ச்சி, மாத்திரை பாதி வேலைதான் செய்யும், நின்று நிதானமாகச் செய்கிற பயிற்சி தினமும் வேண்டும், தள்ளிப்போட்டால் நடை போய்விடும். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மாஸ்டரின் தம்பி அங்கே டாய் சி பழகியவர். தண்ணீருக்குள் நடப்பது போலக் கைகால்களை மெதுவாக நகர்த்தும் சீனப் பயிற்சி அது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த காலியிடத்தில் காலையில் சொல்லிக்கொடுத்தார். துணைக்குப் போன நான் செய்தேன்; மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். ஊருக்குக் கிளம்பும்போது தம்பி ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அதன் பிறகு மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் நான் பயிற்சி செய்வேன், அவர் எதிரே உட்கார்ந்து படிப்பார். புத்தகத்தை எட்டிக்கூடப் பார்க்காத எனக்கும் நல்ல தண்டனை கிடைத்தது. பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டே உடம்பைத் திருகியதில் முழங்கால் வீங்கிவிட்டது. அவர் ஒரு படத்தைக் காட்டினார். "முட்டி எங்க பாக்கு, பெருவிரல் எங்க பாக்கு, பாருங்க தம்பி. ரெண்டும் ஒரே பக்கம் பாக்கணும். வெயிட்ட மாத்தாம திரும்பவே கூடாது." அப்படியே செய்தேன், வலி போயிற்று. அவருடைய படிப்பு என் காலைக் காப்பாற்றியது.

அவர் காலை நினைத்துத்தான் எனக்குக் கவலை. "நீங்களும் செத்த நேரம் நில்லுங்க சார்" என்பேன். "இன்னும் எம்புட்டு இருக்கு பாருங்க. மூச்சப் பத்தின பாடமே இப்பதான் வருது. தப்பாப் பழகிட்டா பொறவு திருத்த முடியாது" என்பார். ஒருவழியாகப் புத்தகம் முடிந்தது. ஆனால் நடுவில் ஒரு பாடத்தில் ஏதோ சந்தேகம் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தாலும், என் பாட்டுக்குப் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன்.

பல மாதங்கள் கழித்து ஒரு காலையில் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு அவரே வந்து நின்றார். "எடது கால் நெறையணும், வலது கால் காலியாகணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எடையை மாற்றப் பார்த்தார். வலது கால் தரையை விட்டு எழவே இல்லை. மறுபடி முயன்றார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "எல்லாம் தெரியுது தம்பி. கால்தான் கேக்க மாட்டேங்கு" என்றார். எந்த மெஷின் முன்னாலும் தோற்று நான் பார்த்திராத மனிதர் அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேலையை விட்டபின் ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். தொண்ணூறுகளில் அவரைப் பார்க்க பஸ் ஏறிப் போவேன். அப்போது சக்கர நாற்காலி வந்துவிட்டது. போனவுடன் என்னைச் செய்து காட்டச் சொல்வார். நான் கால் மாற்றி மாற்றி நகர, அவர் நாற்காலியில் இருந்தபடியே கைகளை மட்டும் அசைத்துக்கொண்டு வருவார். கை லேசாக நடுங்கினாலும் அசைவு என்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கும். கடைசியாகப் போனபோது, முடித்துவிட்டு உட்கார்ந்த என்னிடம் சொன்னார்: "நீங்க அப்ப ஒரு நா என் கையப் பிடிச்சு இழுத்து நிக்க வச்சிருக்கலாம்."

"மாஸ்டர எப்படி சார் தொட்டு இழுக்கது?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான். நானும் திட்டித்தான் இருப்பேன்."

இப்போது நான் அன்றைய அவர் வயதைத் தாண்டிவிட்டேன். காலையில் ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்கிறேன். நிற்கிற ஒவ்வொரு முறையும், அந்தத் திட்டை வாங்கியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.