நிலைக்கு அடியில் ஒரு ரூபாய்

இடித்த வீட்டில் முதலில் எழும்புவது அடுப்படி வாசம்தான். தாளித்த எண்ணெயும் பெருங்காயமும் எத்தனை வருஷமாகச் சுவரில் ஊறிக் கிடந்தனவோ... செங்கல் உடைந்ததும் வெயிலில் கமகமவென்று நின்றது. 2008 என்று நினைக்கிறேன். கூடலூரைத் தாண்டிக் குமுளி போகிற ரோட்டை அகலப்படுத்தினார்கள். ரோட்டோரம் இருந்த என் அக்கா வீடு போனது.

வீட்டுக்காக அக்கா பெரிதாக அழவில்லை. ஒரு ரூபாய்க் காசுக்காக அழுதாள்.

அது அவள் மகன் சரவணனுடைய காசு. வீடு கட்டும்போது அவன் பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. வாசல் நிலை நிறுத்தும்போது அடியில் குழி எடுத்து நவதானியம், பொட்டுப் பொன், காசு போடுவார்கள் இல்லையா... மச்சான் எங்கிருந்தோ ஓர் ஓட்டைக் காலணாவைத் தேடிக் கொண்டுவந்து போட்டார். ஆசாரிக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏலே, நீயும் ஒண்ணு போடு. நீதேன இந்த வீட்டுக்காரன்."

பயல் பெருமையாக டவுசர் பையில் இருந்த ரூபாயை எடுத்துப் போட்டுவிட்டான். வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் சுற்ற நான் கொடுத்த புது ரூபாய். மேலே கலவை விழுந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மண்ணில் புரண்டு ஒரே அழுகை.

அக்கா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அது நம்ம வீட்டப் பிடிச்சு நிறுத்திக்கிட்டு இருக்கும் சாமி."

"அப்ப வீட்ட இடிச்சா எங்கிட்டயே குடுத்துரணும்."

"குடுத்துர்றேன்."

எல்லோரும் சிரித்தோம். நல்ல காரியத்தில் இடிக்கிற பேச்சா என்று ஆசாரி மட்டும் முகத்தைச் சுளித்தார்.

நாலாம் வகுப்புப் படிக்கும்போது சரவணன் காய்ச்சலில் போய்விட்டான். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத என்னால் முடியாது.

நிலையைப் பெயர்க்கிற அன்று கூடவே நின்று காசை எடுத்துவிடலாம் என்றுதான் அக்கா இருந்தாள். ஆனால் ஜேசிபி முன்னாடியே வந்துவிட்டது. அவள் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறிப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது நிலையும் இல்லை, வாசலும் இல்லை. எல்லாம் ஒரே மேடு.

"நாளக்கழிச்சு வாரோம்னுதேன சொன்னாக..." இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு இருந்தாள்.

எனக்கு எங்கள் ஊர் ராசு அண்ணன் ஞாபகம் வந்தது. மஸ்கட்டில் இருந்து வரும்போது ஒரு மெட்டல் டிடெக்டர் கொண்டுவந்திருந்தார். அதற்காக டீக்கடையில் அவருக்குப் புதையல் ராசு என்றே பெயர். கூப்பிட்டதும் வந்தார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"தங்கச்சி, இதுல ரெண்டு சத்தம் வரும். அடித்தொண்டையில கர்ருன்னு உறுமுனா இரும்பு, விட்ரலாம். கிளி கத்துற மாதிரி கீச்சுன்னா காசு."

வீட்டு மண்ணில் இரும்புக்கா பஞ்சம்... நடந்த இடமெல்லாம் உறுமியது. ஆரம்பத்தில் உறுமலையும் விடாமல் தோண்டினோம். ஆணி, கட்டுக்கம்பி, உடைந்த கொண்டி, மறுபடியும் ஆணி. கை காய்த்துப்போனது. அப்புறம் கீச்சுக்கு மட்டும் தோண்டினோம். அலுமினிய மூடி ஒன்று, பித்தளைத் திருகு ஒன்று, குழாய் மூக்கு ஒன்று.

சாயங்காலம் ஒரு சுத்தமான கீச். மச்சான் கையாலேயே மண்ணைப் பறித்தார். ஓட்டைக் காலணா. பச்சை பிடித்துக் கிடந்தது. இடம் இதுதான் என்று தெரிந்ததும் அக்கா குழி ஓரமாக முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ராசு அண்ணன் அந்தக் குழியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். கீச் வரவே இல்லை. குழிக்கு ஒரு சாண் தள்ளி, கர்ர்... கர்ர்...

"இங்கன ஒரு தடவ தோண்டிப் பாருங்கண்ணே" என்றாள் அக்கா.

"அது நிலைக்கு அடிச்ச ஆணி ஆத்தா. காசுன்னா மிசினு சொல்லிரும்."

அக்கா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெசின் தெரிந்தவர் சொன்னால் யார்தான் மறுத்துப் பேசுவது? மறுநாள் ஜல்லி வந்து இறங்கியது. ரோலர் ஓடியது.

இதெல்லாம் முடிந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இப்போது டீக்குக்கூட போனைத்தான் காட்டுகிறோம். என் வீட்டில் சில்லறை இருப்பது சாமி அலமாரி டப்பாவில் மட்டும். போன வாரம் என் மகள் உடைந்த ஸ்பீக்கரில் இருந்து ஒரு காந்தத்தை எடுத்து அந்த டப்பாவுக்குள் விட்டாள். ரொம்பப் பழைய காசுகள் அசையவில்லை. சரவணனுக்குக் கொடுத்த காலத்து ஒரு ரூபாய் மட்டும் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது.

அவன் போட்டதும் இதே எஃகு ரூபாய்தான். வெளிநாட்டு மெசினுக்கு நம் ஊர்க் காசு என்ன தெரியும்? இரும்பென்றால் ஆணி, அவ்வளவுதான் அதன் கணக்கு.

அக்காவுக்குப் போன் போட்டேன். காந்தத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அன்னைக்குக் கர்ருன்னது அவந்தேனாடா? நம்ம பக்கத்துலயேதேன் உக்காந்திருந்தோமா?"

ஆணியாகவும் இருந்திருக்கலாம் அக்கா என்றேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நேற்று அவளோடு குமுளி பஸ்ஸில் போனேன். ரோட்டுக்கு அடியில் போன பழைய வீட்டு இடம் வந்ததும் குனிந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் தூக்கி ஸீட்டில் மடித்து வைத்துக்கொண்டாள். அந்த இடம் தாண்டிய பிறகுதான் கீழே இறக்கினாள்.