கை தூக்கினால் நாலு பாஸ்

கீரைக்கட்டு என்ன விலை என்று கேட்டதற்கு, புணேயின் சாங்வி சந்தையில் வெந்தயக்கீரை விற்கும் மராத்திக்கார மௌஷி நாசிக் மழையில் ஆரம்பித்தாள். மழையிலிருந்து கீரை வரத்துக்கு வந்து, வரத்திலிருந்து டெம்போக்காரனின் அடாவடிக்குப் போனாள். ஆனந்தவல்லி தன் வலது கையை நேராக மேலே தூக்கினாள். மௌஷி பெருமூச்சு விட்டு விலையைச் சொல்லிவிட்டாள்.

சந்தைக்கே பழகிப்போன கை அது. ஹேண்ட்பாலில் அப்படி ஒரு விதி உண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் விளக்குவாள்: "பந்தக் கையில வச்சுக்கிட்டு கோல் பக்கமே போகாம சும்மா இங்கிட்டும் அங்கிட்டும் உருட்டிக்கிட்டே இருந்தா, ரெஃப்ரி கையத் தூக்கிருவாரு. அப்புறம் நாலே பாஸ். அதுக்குள்ள எறியலையா, விசிலு! பந்து எதிராளிக்கு. இந்த ரூலை ஊருக்கே போடணும்ங்குறேன்."

ஊருக்குப் போட முடியாததால் வீட்டுக்குப் போட்டிருக்கிறாள். கணவர் மகாதேவன் சாகணில் கார் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினீயர். வந்ததும் செருப்பைக் கழற்றியபடியே மேனேஜர் சொன்னது, தான் சொன்னது, சொல்ல நினைத்து விட்டது எல்லாவற்றையும் ஆரம்பிப்பார். அடுப்படியில் தோசைக்கரண்டி உயரும். "ஏங்க, நாலு பாஸ்." மூன்றாவது பாஸிலேயே அவர் முடித்துவிடுவார்: "இந்த வருஷமும் புரமோஷன் இல்ல வல்லி."

ஆனந்தவல்லிக்குத் திண்டுக்கல் பக்கம். பள்ளிக்கூடத்து வாலிபால் அணியில் உயரம் போதாதென்று கழித்துவிட்டார்கள். கழித்துப்போட்ட பெண்களையெல்லாம் கூட்டி பி.டி. மாஸ்டர் ஒரு ஹேண்ட்பால் அணி கட்டினார். அந்தக் கழிசல் அணிதான் பின்னால் மாநில அணியின் முதுகெலும்பாகி, தேசியப் போட்டியில் தங்கம் வாங்கி வந்தது. கடைசி கோல் ஆனந்தவல்லியுடையது. ரயிலடியில் மாலை போட்டு வரவேற்ற ஊர்ப் பெரியவர்கள், அச்சடித்த வாழ்த்துமடலில் வாலிபால் என்று போட்டிருந்தார்கள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் புணேயில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றே மேலதிகாரி சந்தேகம் கேட்டார்: "ஃபுட்பால்ல ஹேண்ட்பால்னா ஃபவுல்தானே, மேடம்?"

"ஆமா சார். ஃபவுல்லதான் கோல்டு மெடல் வாங்குனேன்."

அவர் அதை அப்படியே குறித்துக்கொண்டார் என்றே சக ஊழியர்கள் நினைக்கிறார்கள். அதன்பிறகு அந்த அலுவலகத்தில் பீரோ நகர்த்த வேண்டியிருந்தால் முதலில் சாம்பியனைத்தான் கூப்பிட்டார்கள்.

தோள்பட்டை தேய்ந்தபின் ஆட்டம் போயிற்று. ஜடை பின்னக் கை பின்னால் போகாது என்பதால் கிராப் வெட்டிக்கொண்டாள். மேலே தூக்குவதற்கு மட்டும் அந்தக் கை இன்றும் நேராக எழும்புகிறது. அது போதுமென்று கோச்சாகிவிட்டாள்.

சாங்வியில் வீடுகளுக்கு நடுவே ஒரு மண் மைதானம். அலுவலகம் முடிந்ததும் அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி. ஆட்டோக்காரர் மகளும் வருவாள், ஹிஞ்சேவாடி மென்பொருள்காரர் மகளும் வருவாள். கோயம்புத்தூர் ஸ்ரீவத்சன் தன் மகள் வைஷுவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சர்ட்டிஃபிகேட் இருந்தா டென்த்ல மார்க் சேத்துக் குடுப்பாங்களாமா, மேடம்? பாப்பாவுக்கு அடிபடாத பொசிஷனா ஒண்ணு பாத்துக் குடுத்தீங்கன்னா நல்லாருக்குங்க."

"இருக்கு சார், கேலரி."

வைஷுவை அவள் கோல்கீப்பராக நிறுத்தினாள். பந்தை உடம்பில் வாங்குவதுதான் அங்கே உத்தியோகம். முதல் வாரமே அந்தப் பெண் ரத்தம் கசியும் மூக்கோடு ஓடிவந்து, "மூக்குல பந்து லக் கயா, ஆன்ட்டி! ஆனா கோல் போகல!" என்று குதித்தது. ஸ்ரீவத்சன் இப்போது கோட்டுக்கு வெளியே நின்று ரெஃப்ரிக்கே விதி சொல்கிறார்.

புணேக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். எந்த விழாவானாலும் சாம்பியனைக் கூப்பிட்டு ஒரு சால்வையும் ஒரு தேங்காயும் கொடுத்து 'சத்கார்' செய்துவிடுவார்கள். தேங்காய்கள் சட்னியாகிவிடும். சால்வைகளைக் கோல்கம்பத்தில் வலை கிழிந்த இடங்களிலெல்லாம் கட்டியிருக்கிறாள். பந்து போய் விழும்போது ஜரிகை மின்னும். "கோர்ட்டு கேட்டா தேங்கா குடுக்குறாக. லைட்டு கேட்டா சால்வ போத்துறாக. நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்பாள்.

போன மாதம் மாவட்ட அணித் தேர்வு. அதற்கு முந்தைய நாள்தான் கடைசிப் பயிற்சி. தடுப்பு வரிசையில் வலது பக்கம் ஓட்டை. எதிராளி அந்த வழியாகவே நுழைந்து நுழைந்து வைஷுவைத் தனியாக மாட்டவைத்துக்கொண்டிருந்தாள். அதை அடைக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும், வேறெதுவும் வேண்டாம். பிள்ளைகளோடு மைதானத்துக்கு வந்தால் ஒரு கோல்கம்பத்தின் முன்னால் மேடை. ஆடுகளம் பூராவும் நாற்காலி. பேட்டைத் தலைவர் பாவுசாகேபுக்குப் பிறந்தநாள். ஃப்ளெக்ஸில் அவர் படத்தின்கீழ் 'பாவி நகர்சேவக்' என்று போட்டிருந்தது. வருங்கால நகரசபை உறுப்பினர் என்று மராத்தியில் பொருள். ஆனந்தவல்லி தமிழிலேயே படித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மட்டும் வேற இடம் பாக்கக்கூடாதா? காலையில செலக்ஷன் இருக்கு" என்று இந்தியில் கெஞ்சினாள்.

தொண்டர் ஒருவர் மலர்ந்த முகத்தோடு, "அக்கா, சத்காரே உங்களுக்குத்தானே!" என்றார்.

அவளைப் பாராட்டுவதற்காகத்தான் அவளுடைய பயிற்சி ரத்தாகியிருந்தது. மறுத்துப் பேச வழியில்லை. முன்வரிசையில் உட்கார்ந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் மூங்கில்களில் கட்டியிருந்த விளக்குகள் எரிந்தன. இத்தனை வருஷத்தில் அந்த மைதானம் வெளிச்சத்தைப் பார்த்தது அன்றுதான். ஆடுகளத்தின் கோடுகூட நாற்காலிக் கால்களுக்கு நடுவே பளிச்சென்று தெரிந்தது. "பிரமாதமா இருக்குல்ல?" என்றார் ஸ்ரீவத்சன். "ஆமா சார்" என்றாள், கோட்டைப் பார்த்தபடியே.

பாவுசாகேப் தாமதமாக வந்து, அவளை மேடையேற்றி மாலையும் சால்வையும் போட்டு, தேங்காயை அவள் கையில் கொடுத்து, மைக்கைப் பிடித்தார். மேடையோரத்தில் பிள்ளைகள் ஜெர்சியோடு காத்து நின்றார்கள். இந்த மண்ணில் மரத்தரை போட்ட உள்ளரங்கம் வரும் என்றார். 'லவ்கரச்' வரும், சீக்கிரமே வரும், என்றார். போன பிறந்தநாளிலும் அதற்கு முந்தைய பிறந்தநாளிலும், வேறு மேடைகளில், அதே லவ்கரச்தான்.

ஆனந்தவல்லியின் வலது கை நேராக மேலே எழுந்தது.

பாவுசாகேபுக்கு உடம்பெல்லாம் பூரிப்பு. தன்னை வாழ்த்துகிறாள் என்று நினைத்துத் தானும் கையைத் தூக்கினார். தொண்டர்கள் தூக்கினார்கள். ஸ்ரீவத்சன் போனோடு தூக்கினார். மேடையோரத்தில் மட்டும் வைஷு மூச்சுக்குள் மராத்தியில் எண்ண ஆரம்பித்தாள்.

"நதிக்கரையில் நடைபாதை" என்றார் பாவுசாகேப். "ஏக்" என்றாள் வைஷு.

"தாய்மார்களே சக்தி" என்றார். "தோன்." மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"விளையாட்டுதான் என் உயிர்."

"தீன்!"

"நான் உங்கள் வீட்டுப் பிள்ளை."

"சார்!" நாலு பாஸும் முடிந்தது.

ஆனந்தவல்லி தேங்காயை வைஷுவிடம் வீசினாள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள் அவள். நன்றி சொல்லப் போகிறாள் என்று பாவுசாகேப் இருகையாலும் மைக்கை நீட்டினார். வாங்கிக்கொண்டவள், சாமந்தி மாலைக்கு அடியில் புதைந்துகிடந்த விசிலை இழுத்தெடுத்து, மைக்கோடு ஒட்டிவைத்து ஊதினாள்.