படுத்தால் எட்டும் உயரம்

எதையும் உடைக்காமல் ஒருவர் வாழ்ந்துவிட்டால் அவரை நல்லவர் என்பதா, ஜாக்கிரதையானவர் என்பதோடு நிறுத்திக்கொள்வதா? போர்வைக்காரரைப் பற்றி நினைக்கும்போது இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை.

வீடு மாற்றிக்கொடுப்பது அவருடைய தொழில். ஒரு லாரி, நான்கு ஆட்கள், மலைபோலக் குவிந்த பழைய போர்வைகள். அலமாரி, நிலைக்கண்ணாடி, தையல் மெஷின் என்று எது கிடைத்தாலும் போர்வை சுற்றிக் கயிறு கட்டிய பிறகுதான் அதைத் தரையிலிருந்து தூக்க விடுவார். அதனால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் லாரிக் கதவில் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு அவரே வைத்த பெயர் ‘வெறுங்கை நடை’. சாமான் ஏற்றுவதற்கு முதல் நாள், பழைய வீட்டிலும் புதிய வீட்டிலும், சாமான் போகப்போகும் வழியில் தனியாக வெறுங்கையோடு நடந்து பார்ப்பார். படிக்கட்டு எங்கே திரும்புகிறது, எந்தக் கதவு முழுதாகத் திறக்காது, எந்த வீட்டு நாய்க்கு வேற்றாள் ஆகாது என்பதெல்லாம் அந்த நடையில் தெரிந்துவிடும். அளவெடுக்க டேப் கிடையாது. சட்டைப்பையில் ஒரு கயிற்றுருண்டை இருக்கும். அலமாரியின் அகலத்துக்குக் கயிற்றை வெட்டி எடுத்துப்போய்ப் புதிய வீட்டு வாசலில் பிடித்துப் பார்ப்பார். “நம்பர் மறந்து போகும். கயிறு மறக்காது” என்பார்.

ஒருமுறை பியானோ சொல்லிக்கொடுக்கும் அம்மாள் ஒருவர், பியானோ கீறலில்லாமல் வந்து சேர்ந்த மகிழ்ச்சியில், அவருக்கு ஆறு கண்ணாடி டம்ளர்கள் கொடுத்தார். உதட்டில் வைத்தால் இருப்பதே தெரியாத மெல்லிய கண்ணாடி. அவற்றை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி அலமாரி உச்சியில் ஏற்றியவர், பிறகு இறக்கவே இல்லை. அவர் மனைவி உயிரோடு இருந்த காலம் முழுவதும் அது ஒரு கேலியாக இருந்தது. “அந்தப் பெட்டிக்குள்ள டம்ளர் இருக்கா, காத்து இருக்கா?” என்று கேட்பார். போர்வைக்காரர் “இருக்கு, இருக்கு” என்பாரே தவிர, திறந்து காட்டியதில்லை.

முதுகு ஒத்துழைக்காமல் போனதும் லாரியை விற்றார். போர்வைகளை விற்கவில்லை. ஒரே மகள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். மருமகன் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். பெண்ணுக்கு நான்கு வயது, பையனுக்கு இரண்டு. எல்லோரையும் ஏவுவதால் பேத்திக்கு அவர் வைத்த பெயர் மேஸ்திரி. தூக்கிய இடத்தில் தூங்கிவிடுவதால் பேரன் மூட்டை. அவர்கள் வருகிறார்கள் என்றால் மேசை முனை, கட்டில் கால், ஜன்னல் விளிம்பு எல்லாவற்றுக்கும் போர்வை சுற்றிவிடுவார். “மாமா, இது வீடா கோடவுனா? லாரி எப்ப வருது?” என்று மருமகன் ஒருமுறை கேட்டார். போர்வைக்காரர் சிரிக்கவில்லை. கேள்வி நியாயமானது என்று நினைத்திருக்கலாம்.

அடுத்த மாதத்திலிருந்து மகளுக்குச் சனிக்கிழமையும் வேலை என்று ஆனபோதுதான் விஷயம் தொடங்கியது. பிள்ளைகளை எங்கே விடுவது? மாமியார் வீடு வெளியூர். வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விட்டால் ஞாயிற்றுக்கிழமைதான் திரும்ப அழைத்துவர முடியும்.

“ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கேன்” என்றார் போர்வைக்காரர்.

“தூரமா பிரச்சனை? உங்களுக்குச் சாமானைப் பாத்துக்கத் தெரியும்ப்பா. பிள்ளைங்க சாமான் இல்ல.”

“உன்னையும் நான்தான வளத்தேன்.”

“அம்மா வளத்தாங்க. நீங்க அடுத்தவங்க வீட்டு அலமாரியை வளத்தீங்க.”

மகளுக்கே தான் சொன்னது கொஞ்சம் அதிகமாகப்பட்டிருக்க வேண்டும். “சரி, ஒரு நாள் முழுக்க ரெண்டையும் வெளிய கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்” என்றாள்.

எங்கே போவது என்பதை மேஸ்திரி முன்பே முடிவு செய்திருந்தாள். ஊருக்கு வெளியே ஒரு தீம் பார்க். அதில் கம்பளிப்புழு போல ஒரு சின்ன ரயில். பேருந்தின் முதுகில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் அதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சு இல்லை. “புழு ரயில்ல நான் முன்னாடி. மூட்டை பின்னாடி. தாத்தா கீழ.”

கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்போல் போர்வைக்காரர் வேலையில் இறங்கினார். முதலில் வெறுங்கை நடை. ஆனால் வெறுங்கையோடு போனால் தள்ளுவண்டி எந்தச் சரிவில் கனக்கும் என்பது தெரியாது. எனவே பேரனின் எடைக்கு உருளைக்கிழங்கைப் பையில் கட்டி, தள்ளுவண்டியில் உட்கார வைத்து, வார் போட்டு, வெயில் படாமல் துணி மூடித் தனியாகக் கிளம்பினார்.

வாசலில் சோதனை செய்த பெண் காவலாளி, “பாப்பா தூங்குதா?” என்று துணியை விலக்கினாள்.

“ஐயா, இது உருளைக்கிழங்கு.”

“ஆமா.”

“குழந்தை எங்க?”

“அது ஞாயித்துக்கிழமை வரும்.”

அவள் மேலாளரை அழைத்தாள். அவர் பையையும் போர்வைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். “சார், வெளியிலருந்து சாப்பாட்டுச் சாமான் கொண்டு வரக்கூடாது.”

“இது சாப்பாட்டுச் சாமான் இல்லைங்க. பேரன்.”

கடைசியில் உருளைக்கிழங்கு காவலறையில் தங்கியது. அதன் இடத்தில் ஒரு தண்ணீர் கேனை இரவல் வாங்கி உட்கார வைத்துக்கொண்டு உள்ளே போனார். வடிகால் கம்பிகளில் முன்சக்கரம் எங்கே மாட்டும், கழிப்பறையில் குழந்தைக்கு உடை மாற்ற இடம் எங்கே, மதியத்துக்கு மேல் எந்தப் பக்கம் நிழல் என்று பார்த்தார். ஓரிடத்தில், முதுகு அனுமதித்த அளவுக்குக் குனிந்து, மேஸ்திரியின் கண் உயரத்திலிருந்து பார்த்தார். குப்பைத்தொட்டிகளும் மனிதர்களின் முழங்கால்களும் மட்டுமே தெரிந்தன. பெரியவர்கள் வாங்கும் டிக்கெட்டுக்குக் குழந்தைகள் பார்ப்பது இதைத்தான் என்பது அவருக்கு அன்று தெரிந்த செய்தி.

புழு ரயிலின் வாசலில் பலகையில் வெட்டிய ஒரு கரடி நின்றது. அது கையை நீட்டிக்கொண்டிருந்தது; அந்தக் கைக்குத் தலை எட்டினால் ஏறலாம், இல்லாவிட்டால் இல்லை. கையிலிருந்து தரைவரை கயிற்றைப் பிடித்து வெட்டிப் பையில் போட்டுக்கொண்டார். வேலை முடிந்தது.

முடியவில்லை என்பது மேஸ்திரியை அளக்கப் போனபோது தெரிந்தது. நிற்க வைத்தால் குதித்தாள். சுவரோடு சேர்த்தால் பல்லி மாதிரி ஏறப் பார்த்தாள். “ஆடாம நில்லுங்க மேஸ்திரி” என்றால், “நான் ஆடல, தரை ஆடுது” என்றாள். அவரும் விட்டுவிட்டு, அவள் மதியம் தூங்கும்வரை காத்திருந்தார். தூங்கியதும் கால்களை நேராக நீட்டிவிட்டு, குதிகாலில் ஒரு முனையை வைத்துக் கயிற்றைப் பக்கத்தில் விரித்தார். மறுமுனை உச்சந்தலையில் சரியாகப் போய் நின்றது. முடியைச் சேர்த்தால் கொஞ்சம் கூடுதலே.

எத்தனையோ அலமாரிகளை அவர் அப்படித்தான் அளந்திருக்கிறார். நிறுத்தினாலும் கிடத்தினாலும் அலமாரி ஒரே அளவுதான்.

விழித்ததும் சொன்னார்: “மேஸ்திரி, நீங்க ஏறலாம்.”

அவள் அதை மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாள், பால் வாங்குமிடத்தில் சொன்னாள், அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். “தாத்தா அளந்துட்டாரு.”

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் திட்டமிட்டபடி நடந்தது. சக்கரம் எங்கும் மாட்டவில்லை. அவித்த முட்டையும் பிஸ்கட்டும் வீட்டிலேயே முடிந்தன. வாசல் காவலாளி மூட்டையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, “இன்னைக்கு அசல்தான்” என்றாள். வரிசையில் முன்னேறி, கரடியின் கைக்குக் கீழே போய் மேஸ்திரி நின்றாள். அன்று ஆடவே இல்லை. தலைக்கும் கைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

ரயிலை இயக்கும் பெண் குனிந்து, “இன்னும் கொஞ்சம் வளந்துட்டு வாங்க பாப்பா” என்றாள்.

“தாத்தா அளந்தாரே.”

போர்வைக்காரர் கயிற்றை எடுத்தார். பலகையில் பிடித்தார், சரியாக இருந்தது. பேத்தியின் மேல் பிடித்தார். கயிறு அவளைத் தாண்டி நின்றது. மறுபடியும் பிடித்தார். வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது.

பின்னால் நின்ற ஒருவர் உதவிக்கு வந்தார். “பெரியவரே, ஷூவுக்குள்ள ரெண்டு பேப்பரை மடிச்சு வைங்க. எல்லாரும் அதத்தான் பண்றாங்க. நம்ம பையனே இப்ப பேப்பர் மேலதான் நிக்கிறான்.”

“நீ சும்மா இரு!” என்று அவர் மனைவி அவரை இடித்தாள். ரயில்காரப் பெண் அந்தப் பையனின் ஷூவைப் பார்க்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் மேஸ்திரி அதைச் செய்தாள். தரையில், கரடியின் காலடியில், மல்லாந்து படுத்தாள். கால்களைச் சேர்த்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டாள்.

“இப்ப அளங்க. படுத்தா நான் அவ்ளோ இருப்பேன்.”

தூங்கும்போது அளந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று போர்வைக்காரர் கேட்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து அளந்தார். கயிறு சரியாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை, ஆனாலும் சிரிப்புதான். “படுத்துக்கிட்டு யாரும் ரயில்ல போக முடியாதே, கண்ணு” என்றாள் அந்தப் பெண், வருத்தத்தோடு. மேஸ்திரி அழுதாள். அவளைத் தூக்க அவருடைய முதுகு விடவில்லை. அவள் எழுந்திருக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வரிசை அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. மூட்டை தூங்கிவிட்டான்.

பிறகு திட்டத்தில் எதுவும் மிஞ்சவில்லை. அவள் போன பக்கம் இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பார்க்கின் பின்பக்கம், வேலியோரத்தில், சில ஆட்கள் ஒரு பெரிய ஃபைபர் குதிரையை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். குதிரையின் கால்களில் பழைய துணி சுற்றியிருந்தது. மேஸ்திரியின் அழுகை நின்றது.

“மெதுவா! வாலு, வாலு!” என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

ஆட்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். “சரிங்க மேடம். இந்தப் பக்கம் திருப்பவா?”

“ம். அப்புறம் உள்ள.”

குதிரை உள்ளே போனது. அவள் சொன்னதால் போகவில்லை. அவர்கள் வேலை தெரிந்தவர்கள். போர்வைக்காரர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. பிறர் சாமான் இறக்குவதைப் பார்த்துக்கொண்டு அவர் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

சாயங்காலம் மகள் வீட்டில், பேத்தி வாய் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: “ரயில்ல ஏத்தல. தப்பா அளந்துட்டேன்.”

“நீங்களா?”

“படுக்க வச்சு அளந்தேன்.”

மகள் சிரித்துவிட்டாள். “படுத்தா முதுகெலும்பு தளர்ந்து கொஞ்சம் நீளும்ப்பா. நின்னா அழுந்திடும். எங்க வேலையில தினம் பாக்குறது.”

“அலமாரி அப்படி இல்லையே.”

“அலமாரிக்கு ஏதுப்பா முதுகெலும்பு?”

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானார். சனிக்கிழமைகள் கைவிட்டுப் போய்விட்டன என்று அவர் கணக்குப் போட்டிருந்தது முகத்தில் தெரிந்தது. மகள் பேத்தியைக் கேட்டாள். “பார்க் எப்படி இருந்துச்சு? அழுதியா?”

“அழுதேன். தாத்தா தரையில உக்காந்தாரு. அப்புறம் நான் ஒரு குதிரைய உள்ள கொண்டுபோய் வச்சேன்.”

“நீயா?”

“தாத்தா சும்மாதான் நின்னாரு.”

மகள் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பவளைப் போல. “சனிக்கிழமை காலையில கொண்டு வந்து விடுறேன்” என்றாள். “ரெண்டு வாரம் பாக்கலாம். சரிப்படலேன்னா ஊர்ல அத்தை வீடுதான்.”

அந்தச் சனிக்கிழமை அவள் வந்தபோது வீடு எப்போதும்போல்தான் இருந்தது. மேசை முனைகளில் போர்வை, கட்டில் கால்களில் போர்வை, ஜன்னல் விளிம்பில் இரண்டு சுற்று. எதுவும் அவிழ்க்கப்படவில்லை. ஆனால் அலமாரி உச்சியில் பெட்டி இல்லை. கூடத்தின் நடுவே, மேஸ்திரியின் இடுப்பு உயரத்துக்கும் குறைவான ஒரு முக்காலியில், தண்ணீர் நிரப்பிய ஆறு டம்ளர்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் தரையில் கொஞ்சம் வைக்கோல் சிதறிக் கிடந்தது. வெளிச்சம் அவற்றைத் தாண்டிச் சுவரில் விழுந்து ஆடியது.

“அப்பா, அது கண்ணாடி.”

“தெரியும்.”

“அந்த டம்ளர்ப்பா.”

“தெரியும்மா. உனக்கு நேரமாச்சு.”

மகள் வாசலிலேயே நின்றாள். மூட்டை அதற்குள் முக்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். மேஸ்திரி ஒரு டம்ளரின் முன்னால் போய், தொடாமல், தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“ரெண்டு கையாலயும் பிடிக்கணுமா?”

“உங்க இஷ்டம் மேஸ்திரி” என்று சொல்லிவிட்டு, போர்வைக்காரர் சுவரோரம் போய், எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.