மாஸ்டரும் தாடியும் பீலுக்கு வந்தபோது

1987ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. லூசேர்னுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த எம்மன்புரூக்கேயில் பஸ் ஏறியபோது என் மடியில் வெள்ளித்தாளில் சுற்றிய மீன் ரோல்ஸ் இருந்தன. பக்கத்து இருக்கையில் தேவன். பீல் நகரத்தில் அன்று பின்னேரம் இங்கிலாந்து மல்யுத்தக்காரர்கள் மோதுகிறார்கள் என்று லூசேர்ன் ஸ்டேசனில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் நித்திரை இல்லை. வீட்டில் கூட இருந்த பெடியன்கள் வழியனுப்பிய விதம் இது: "விசரங்கள் ரெண்டும் ஒண்டாப் போகுதுகள். முழுசாத் திரும்பி வருமோ தெரியாது."

அது முழுப் பகிடி இல்லை. ஊரில் இயக்கங்கள் தங்களுக்குள் சுட்டுக்கொண்டபோது என் மச்சான் ரவி செத்துப்போனான். சுட்ட இயக்கத்தில் தேவனின் தம்பி இருந்தான். தம்பிதான் சுட்டானா என்பது எனக்கும் தெரியாது, தேவனுக்கும் தெரியாது. அகதி விண்ணப்பம் போட்ட எங்களை விதி ஒரே அறையில், இரண்டு கட்டில்களில் கொண்டுவந்து போட்டிருந்தது. "உப்பைத் தாரும்", "லைற்றை நிப்பாட்டும்" என்பதற்கு மேல் எங்களுக்குள் கதை கிடையாது.

எங்களை ஒரு சோபாவில் இருத்தியது மல்யுத்தம்தான். லண்டனில் இருந்த என் சித்தப்பா தமிழ்ப் படங்களை வீடியோ கசெற்றில் பதிந்து அனுப்புவார். மனுசன் சரியான சிக்கனம். சனிக்கிழமை மத்தியானம் டிவியில் பதிந்த மல்யுத்தத்தின் மேலேயே படத்தைப் பதிவார். படம் முடிந்து வணக்கம் போட்டதும் திரை ஒருமுறை நடுங்கும், பிறகு இரண்டு தடித்த வெள்ளைக்காரர்கள் கட்டிப் புரளுவார்கள். மூன்றாவது கசெற்றிலிருந்து நாங்கள் படத்தை வேகமாக ஓடவிட்டு, மல்யுத்தம் வரும் இடத்தில் நிறுத்தப் பழகிவிட்டோம். கதாநாயகி அழுதாலும் சரி, செத்தாலும் சரி.

நேராக நிற்கும், ஒழுங்காக மோதும் வழுக்கைத் தலையருக்கு நாங்கள் வைத்த பெயர் மாஸ்டர். கள்ள அடி அடிப்பவன் தாடி. ஸ்டேசன் விளம்பரத்தில் இருந்ததும் இந்த இரண்டு பேரின் படம்தான். நான் மாஸ்டர் பக்கம். நான் மாஸ்டர் பக்கம் என்பதாலேயே தேவன் தாடி பக்கம். ஆனால் ஒரு சட்டத்தை இரண்டு பேரும் மதித்தோம். அந்த விளையாட்டில் ஒருவன் விழுந்துவிட்டால் மத்தியஸ்தர் பத்துவரை எண்ணுவார். அவன் எழும்பும்வரை மற்றவன் தள்ளி நிற்க வேண்டும். விழுந்தவனை அடித்தால் எல்லோருக்கும் கேட்க எச்சரிக்கை. மூன்றாவது தடவை, வெளியே போ. இப்படி ஒரு சட்டம் உலகத்தில் எங்கோ இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

லூசேர்னில் ரயில் ஏறினோம். ஓல்ட்டனில் மாறி, மொத்தம் நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடிய தூரம். செம்பாக் ஏரி வலது பக்கம் புகாருக்குள் கிடந்தது. டிக்கெற் பார்க்க வந்தவர் மூக்கைச் சுருக்கி, "என்ன மணக்கிறது?" என்று ஜெர்மனில் கேட்டார். "மீன்" என்றேன். அடுத்த பெட்டிக்கு விரைவாகப் போய்விட்டார்.

"உந்த ரோல்ஸை ஏன் காவிக்கொண்டு வாறீர்?" தேவன் கேட்டான்.

"ஒரு ஆளைப் பாக்கப் போகேக்க வெறுங்கையோட போறதோ? மாஸ்டருக்குக் குடுக்கத்தான்."

"அப்ப தாடிக்கு?"

"அவனுக்கு ஏன்?"

தேவன் எழும்பிப் போய் எதிர் இருக்கையில் இருந்துகொண்டான்.

பீலில் இறங்கியதும் பிரெஞ்சும் ஜெர்மனும் ஒரே வாயில் கலந்து கேட்டன. தெருப்பெயர்கூட இரண்டு மொழியில். இரண்டு மொழிக்காரரும் ஒரே பஸ்ஸுக்குச் சண்டையில்லாமல் காத்து நின்றதை நாங்கள் இருவரும் பார்த்தோம். மண்டபம் ஸ்டேசனிலிருந்து நடை தூரம். டிக்கெற் இருபது பிராங்க். உள்ளே சுருட்டுப் புகை, பியர், பின்னல் ஊசியோடு வந்த கிழவிகள்.

மூன்றாவது மோதல் எங்களுடையது. வீடியோவில் கையளவாக இருந்த மாஸ்டர் மலைபோல நடந்து வந்தார். கள்ள அடிக்காகத் தாடிக்கு இரண்டு எச்சரிக்கை விழுந்ததைத் தவிர, இரண்டு சுற்று நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவதில் மாஸ்டர் விழுந்தார். மத்தியஸ்தர் எண்ணத் தொடங்கினார். தாடி பின்னால் வந்து, விழுந்து கிடந்தவரின் கழுத்தில் காலால் உதைத்தான். சனம் கூவியது. நான் எழும்புவதற்கு முன்னரே தேவன் எழும்பிவிட்டான்.

"விழுந்தவனுக்கு அடிக்காதையடா! டேய், அடிக்காதை!"

தன் ஆளைப் பார்த்துத்தான் கத்தினான். முகமெல்லாம் கண்ணீர். பக்கத்துக் கிழவி அவன் கையைத் தட்டி ஒரு இனிப்பைக் கொடுத்தாள். மூன்றாம் எச்சரிக்கையோடு தாடியை வெளியேற்றி, மாஸ்டரின் கையைத் தூக்கினார்கள். அந்த வெற்றியில் எனக்கு ஒரு ருசியும் இல்லை. நான் தேவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மல்யுத்தக்காரர்களைச் சந்திக்க விடவில்லை. ரோல்ஸும் கையுமாக ஸ்டேசனுக்கு வந்து, ரயிலுக்கு நேரம் இருந்ததால் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். மூலை மேசையில் மாஸ்டரும் தாடியும் எதிரெதிரே இருந்து ஒரே தட்டில் உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். என் கால் அப்படியே நின்றுவிட்டது. தேவன் என் கையிலிருந்த பொதியை வாங்கிக்கொண்டு நேரே போனான்.

"ஃபிஷ், சேர்" என்றான், இரண்டு பேருக்கும் பொதுவாக.

மாஸ்டர் ஒன்றை எடுத்துப் பிய்த்து, பாதியைத் தாடியிடம் நீட்டினார். தாடி முழுவதையும் வாயில் போட்டான். எங்கள் மிளகாய்த் தூள் சும்மா விடுமா? இருமி இருமிக் கண் சிவந்தது. மாஸ்டர் எழும்பிப் போய் அவன் முதுகைத் தடவிவிட்டார். சற்று முன் அவன் கால் பட்ட கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

ரயிலில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "எல்லாம் நடிப்பு. பேயனாக்கிப் போட்டாங்கள்."

தேவன் கிழவி தந்த இனிப்பின் கடதாசியை மடித்துக்கொண்டிருந்தான். "நடிப்பெண்டா நல்லதுதானே," என்றான். "எங்கட பெடியளும் உப்பிடி நடிச்சிருக்கலாம். ரவி இப்ப எங்கயாவது ஒரு கடையில இருந்து என்ர தம்பியோட சாப்பிட்டுக்கொண்டிருப்பான்."

ரவியின் பெயரை அவன் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அந்தப் பெயரே தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அடி என்றால் அடி, சாவு என்றால் சாவு, அதுதான் எங்கள் ஊர். வெள்ளைக்காரன் வாரத்துக்கு ஆறு நாள் சண்டை பிடித்து ஒருவரையும் சாகக் கொடுக்கவில்லை.

"ரவிக்கு மீன் ரோல்ஸ் எண்டால் உயிர்," என்றேன். பிறகு, எட்டு மாதமாக மனதுக்குள் 'சுட்டவன்' என்று மட்டும் நான் சொல்லிவந்த அந்தப் பெடியனைப் பற்றிக் கேட்டேன்.

"உம்மட தம்பிக்கு என்ன பேர்?"

"குகன்."

"இப்ப எங்க?"

"தெரியாது. வைகாசிக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை."

ஓல்ட்டனில் ரயில் மாறும்போது என் பையையும் அவனே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.