சிவப்பு அணைந்த அரை நொடி

என் வீட்டுக்காரருக்கு வேலை சிக்னல் கம்பத்தில். சொன்னால் எல்லோரும் தெருவிளக்கு என்றே நினைத்துக்கொள்கிறார்கள், நானும் திருத்தித் திருத்தி ஓய்ந்துவிட்டேன். நாற்சந்திகளில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரிகிறதே, அது எரியாவிட்டால் ஏணி வண்டியில் ஏறிச் சரிசெய்கிறவர் அவர். இருபத்தொரு வருடமாக இதே வேலை. வாரம் முழுக்க அடுத்தவர்களை ஒழுங்காக நிற்க வைக்கும் இந்த மனிதர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோல் உடுப்பை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குக் கிளம்பிவிடுவார். வயது நாற்பத்தாறு. அந்த உடுப்பின் ஜிப்பை வயிற்றைத் தாண்டி ஏற்ற நானும் மகளும் சேர்ந்து இழுக்க வேண்டும்.

வளைவுகளில் அவர் கெட்டிக்காரர். நான் மனைவி என்பதால் சொல்லவில்லை, என் வாயிலிருந்து பாராட்டு அவ்வளவு சுலபமாக வராது. கோட்டை விடுவதெல்லாம் வண்டியை எடுக்கும்போதுதான். இருபத்துநான்கு பேர் வரிசையில் நிற்பார்கள். எதிரே உயரத்தில் சிவப்பு விளக்குகள் எரியும். அவை அணைந்ததும் பாய வேண்டும். மற்றவர்கள் பாய்ந்து போன பிறகு, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி இவர் கிளம்புவார். முதல் வளைவில் கடைசி ஆள். அங்கிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி, பதினெட்டு, பதினேழு என்று வந்து முடிப்பார். ஒரே ஒரு முறை பதினாறு.

அந்தப் பதினாறில்தான் வயிற்றெரிச்சல். கிளப்பில் ஒரு விதி இருக்கிறது. வருடத்தில் ஆறு மாதம், மாதம் ஒன்றாக ஆறு பந்தயம். ஒன்றிலாவது முதல் பதினைந்து பேருக்குள் வராதவர், அடுத்த வருடம் தன் இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ள ஒருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். நாற்பத்தைந்து தாண்டியவரைப் புதிதாகச் சேர்க்கவும் மாட்டார்கள். இவர் வெளியே வந்தால் வந்ததுதான்.

நான்கு பந்தயம் முடிந்திருந்தது. கூட ஓட்டும் டயர் கடைக்காரர், எல்லோரும் 'பஞ்சர்' என்று கூப்பிடுகிறவர், வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"அண்ணே, கோளாறு உங்க இடது கையில. கிளட்சை விடுறீங்களா, தூக்கி எறியுறீங்களா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கிளட்ச் படிப்பு ஆரம்பமானது. கிளட்ச் லீவரோடு இருந்த பழைய ஹேண்டில் பார் துண்டு ஒன்றைச் சாப்பாட்டு நாற்காலியின் கையில் பட்டி போட்டு முடுக்கினார். டீ கொதிக்கும்போதும், செய்தி பார்க்கும்போதும், என் அக்கா போனில் பேசும்போதும் இரண்டு விரல் அந்த லீவரின் மேலேயே இருக்கும். உள்ளே இழுத்து, பாதி விட்டு, அங்கேயே நிறுத்தி, மீதியை இரண்டு நொடியில் மெல்ல விட வேண்டுமாம். எனக்கும் மகளுக்கும்கூட அது மனப்பாடம் ஆகிவிட்டது.

ஞாயிறு காலையில் மொத்த மார்க்கெட்டின் லாரி நிறுத்துமிடம் காலியாக இருக்கும். நான் கைக்குட்டையை உயர்த்திப் பிடித்து நிற்பேன், விட்டதும் அவர் எடுக்க வேண்டும், மகள் செல்போனில் படம் பிடிப்பாள். முதல் நாள் ஏழு முறை வண்டி இருமி நின்றது. எட்டாவது முறை முன்சக்கரம் என் தோள் உயரத்துக்கு எழும்பியது. இரண்டு வருடத்துக்கு முன் அவர் காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கிடந்ததை நான் மறக்கவில்லை.

"உடம்ப முன்னால சாய்ங்கப்பா, பெட்ரோல் டேங்க் மேல மோவாய் வரணும்" என்றாள் மகள். இவளுக்கு எல்லாம் தெரியும்.

ஆனால் கற்றுக்கொண்டார். இன்ஜினை ஒரே சுருதியில் பிடித்து வைத்து, லீவரைப் பாதி விட்டதும் செயின் விறைத்து, வண்டியின் பின்பக்கம் லேசாக அமரும். கைக்குட்டை என் விரலை விட்டதும், கால் இரண்டும் மேலேறும் முன்பே ஐந்து ஆறு லாரி நீளம் போய்விடுவார். பஞ்சரே வந்து பார்த்து, இன்னொரு முறை எடுக்கச் சொன்னார்.

ஐந்தாவது பந்தயம் வந்தது. சிவப்பு அணைந்தது. எங்கள் ஆள், வழக்கம்போல, கடைசி. முடித்தது பதினேழாவதாக. இன்னும் ஒரே ஒரு பந்தயம்தான் பாக்கி. வீட்டுக்கு வந்து உடுப்பைக் கழற்றாமலேயே ஹாலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் கேலி செய்யாததிலிருந்தே நிலைமை அவருக்கு விளங்கியிருக்கும்.

பந்தயங்களையும் மகள் படம் பிடிப்பாள்; அன்று மாலை அவள் செல்போனில் அன்றைய படத்தைப் பார்த்தேன். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. காலையிலிருந்து மாலை வரை, எதிரே உட்கார்ந்திருப்பவர் எங்கே பார்க்கிறார் என்று பார்ப்பதுதான் பிழைப்பு. சிவப்பு அணைகிறது. மற்ற தலைகள் எல்லாம் முன்னால் பாய்கின்றன. ஒரே ஒரு ஹெல்மெட் மட்டும் மேலே நிமிர்கிறது. அரை நொடி. பிறகுதான் கிளம்புகிறது. முந்தைய பந்தயங்களையும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அதே நிமிர்வு. மார்க்கெட்டில் எடுத்த படங்களில் அது ஒன்றில்கூட இல்லை.

பந்தயத்தில் பச்சை விளக்கே கிடையாது. சிவப்பு அணைந்தால் போ, அவ்வளவுதான். ஆனால் இருபத்தொரு வருடமாகச் சிவப்பு அணைந்து பச்சை வராவிட்டால் அவருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: சிக்னல் போச்சு. இந்த மனிதர் பந்தயத்தின் நடுவில் பழுது பார்க்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் இன்னொரு நினைப்பும் வந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் இந்த வருடத்தோடு எல்லாம் முடிந்துவிடும். எலும்பு முறியாது, ஞாயிறு எனக்குத் திரும்பக் கிடைக்கும், மாதா மாதம் பந்தயம் முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். நான் எதுவும் செய்யவே வேண்டாம், சும்மா இருந்தால் போதும். ஒரு வாரம் சும்மா இருந்தேன். அந்த வாரம் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை, போட்ட டீ ஆறிக்கொண்டிருக்க, அவர் நாற்காலியில் லீவரை விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு விரலிலும் தோல் உரிந்திருந்தது.

"என் கைதான் சரியில்ல. வயசாயிடுச்சு போல" என்றார்.

கண்ணாடியில் தப்பிருக்கும்போது கண்ணைக் குறை சொல்கிற வாடிக்கையாளரை நான் ஒரு நாளும் அப்படியே அனுப்பியதில்லை. எப்படி இவரை விடுவது?

"உங்க கையில ஒரு கோளாறும் இல்ல. கழுத்துலதான்" என்று செல்போனை நீட்டினேன்.

நான்கு முறை பார்த்தார்.

"சிவப்பு போய் பச்சையும் வரலன்னா, மேல பாக்காம எப்படி இருக்கிறது?"

"அங்க பச்சையே கிடையாதுங்க."

"அது எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். உங்க கழுத்துக்குத் தெரியல."

மறுநாளே மேலதிகாரியிடம் கேட்டு, கழித்துப் போட்ட சிவப்பு விளக்குப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வராந்தாவின் கோடியில் உயரத்தில் மாட்டினார். சுவிட்ச் சமையலறையில், என் கையில். நான் நினைத்தபோது அணைப்பேன், நாற்காலியில் இருப்பவர் லீவரை விட வேண்டும். அப்போது தலை நிமிர்ந்தால் அன்றைய பாத்திரம் அவர் கழுவ வேண்டும். முதல் வாரம் பாத்திரம் பளபளவென்று இருந்தது. இரண்டாவது வாரம் இரண்டு நாள் கழுவினார். மூன்றாவது வாரம் முழுக்க நானே கழுவினேன்.

ஆறாவது பந்தயத்தில், கிளம்பும் வரிசையில் பதினான்காம் இடத்தில் நின்றார். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிராதே, நிமிராதே என்று முணுமுணுத்ததாக மகள் பிறகு சொன்னாள். சிவப்பு அணைந்தது. ஹெல்மெட் அசையவில்லை. வண்டிதான் பாய்ந்தது. முதல் வளைவில் ஏழாவது ஆள்! பயத்தில் கம்பியை இன்னும் இறுக்கினேன், சந்தோஷத்தில் கத்தவும் செய்தேன், இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. அவருடையது பழைய வண்டி, நேர்ப்பாதையில் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். வளைவுகளில் விட்டுக்கொடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து, பதினான்காவதாக முடித்தார். இடம் பிழைத்தது.

பந்தய வண்டியைப் பஞ்சர் தன் வேனில் ஏற்றிக்கொண்டார். மகளும் அதிலேயே போய்விட்டாள். நாங்கள் அவர் தினமும் வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிளில் திரும்பினோம். ஒரு நாற்சந்தியில் சிவப்பு. நின்றோம்.

"இத எப்ப கண்டுபிடிச்ச?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். "அஞ்சாவது பந்தயம் முடிஞ்ச அன்னிக்கே."

"சொன்னது அடுத்த ஞாயிறுல்ல?"

"ஆமா. சொல்லாம இருந்துட்டா நீங்க இத்தோட விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்."

வண்டியின் கண்ணாடியில் அவர் கண் மட்டும் தெரிந்தது, அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சிவப்பு அணைந்து பச்சை விழுந்தது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார், பிறகு நான்கு பேர் அடித்தார்கள்.

"அவ்வளவு பயமா உனக்கு?" என்றார்.

"ஒவ்வொரு தடவையும்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு, எடுங்க" என்றேன்.

எடுத்தார். கிளட்சை அவர் அவ்வளவு மெதுவாக விட்டு நான் பார்த்ததே இல்லை. நான் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டேன்.